உரையாசிரியரை வெளியேற்றிவிட்டு மூலம் படிப்போர்

தமிழ் கற்றோர் மரபில் மூலம் தனித்து நடப்பதில்லை. திருக்குறளைக் கையில் எடுப்பவன் பரிமேலழகரைத் தேடுகிறான். தொல்காப்பியத்தைத் திறப்பவன் இளம்பூரணர் கூறியதையும், சேனாவரையர் மறுத்ததையும், நச்சினார்க்கினியர் நாட்டியதையும் வரிசையாக வைத்துப் பார்க்கிறான். திருவாய்மொழியை ஓதும் வைணவன் ஈட்டின் துணையின்றி ஒரு பாசுரத்துக்கும் பொருள் கூறத் துணிவதில்லை. உரையாசிரியர் ஒருவரோடொருவர் மாறுபடுவர். மாறுபடினும் 'என்பாரும் உளர்' என்று பிறர் கருத்தையும் எழுதி வைத்த பின்னரே தம் கருத்தை நிறுவுவர். மூலத்துக்கும் படிப்போனுக்கும் இடையே தலைமுறை தலைமுறையாக நின்று விளக்குப் பிடித்தவர்களை மதிப்பதே தமிழ்ப் புலமையின் முதல் இலக்கணம்.

இத்தகைய மரபில் வந்த தமிழ்க் கிறிஸ்துவர், விவிலியத்தைக் கையில் எடுக்கும்போது மட்டும் இவ்விலக்கணத்தை மறந்துவிடுவது ஏன்? விவிலியம் யூத மக்களிடையே பிறந்த நூல். அதன் முற்பகுதி பெரும்பாலும் அவர்கள் மொழியில் எழுந்தது. பிற்பகுதியை எழுதியோருள் பெரும்பாலோர் அவர்கள் குலத்தவர். அதன் நாயகர் எட்டாம் நாள் விருத்தசேதனம் பெற்று, ஓய்வுநாளில் ஜெப ஆலயம் சென்று, பஸ்கா விருந்துண்டு வாழ்ந்த யூதர். அந்நூலுக்கு அம்மக்கள் கண்ட உரை மரபு ஒன்று உண்டு. மிஷ்னா, மித்ராஷ், தல்மூத் எனப் பெயர் பெற்று, ரபிமார் என்னும் ஆசிரியர் பரம்பரையால் வளர்க்கப்பட்டு, இன்றும் நாள்தோறும் ஓதப்பெறும் பேருரை அது. ஜொகூர் பாரு முதல் சிகாமட் வரை, குளுவாங் முதல் மூவார் வரை ஞாயிறுதோறும் தமிழில் மறையுரை கேட்கும் மக்களிடம் இவ்வுரையைப் பற்றிக் கேட்டால், அவர்களுக்குத் தெரிந்த சொல் ஒன்றே: 'பரிசேயன்'. அச்சொல்லும் வசைச்சொல்லாகவே தெரியும். வெளிவேடக்காரனைப் பரிசேயன் என்பர். விதியை மட்டும் பார்த்து இரக்கம் மறந்த மேலாளனைப் பரிசேயன் என்பர். சபைக் குழுவில் எதிர்த்துப் பேசுபவனையும் பரிசேயன் என்றே முடித்துவிடுவர். ஒரு பெரும் ஆசிரியர் பரம்பரையின் பெயர் தமிழில் வசையாகித் தேய்ந்துபோனது.

இவ்வழக்கம் அறிவுக்கும் பொருந்தாது, அறத்துக்கும் பொருந்தாது. நற்செய்தி நூலுக்கே அது செய்யும் கேடு சிறிதன்று.

சொற்களிலிருந்தே தொடங்கலாம். தரங்கம்பாடியில் 1706ஆம் ஆண்டு வந்திறங்கிய சீகன்பால்கு பெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது. அதன்பின் பப்ரிசியுஸ் உழைப்பும், பவர் தலைமையில் 1871இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பும் தமிழ்க் கிறிஸ்துவரின் நாவில் இன்றும் நிற்கும் சொற்களை உருவாக்கின. ரபீ என்னும் எபிரேயச் சொல்லுக்குப் 'போதகர்' என அம்மொழிபெயர்ப்பு பொருள் கூறுகிறது. மலேசியத் தமிழ்ச் சபைகளில் ஆயரை மக்கள் அழைக்கும் பெயரும் போதகர் என்பதே. ஆக, ரபியின் பட்டப்பெயரைத் தம் தலையில் சூடிக்கொண்டே ரபிமாரைப் பழிக்கும் விந்தை ஞாயிறுதோறும் நடைபெறுகிறது. நற்செய்தி நூல்களில் அப்பெயரால் பெரும்பாலும் அழைக்கப்பெறுபவர் இயேசு பெருமானே என்பதும் மறக்கப்படுகிறது.

'வேதபாரகர்' என்னும் சொல்லையும் நோக்குக. வேதத்தின் மறுகரை கண்டவர் என்பது அதன் பொருள். மொழிபெயர்த்தோர் மதிப்போடு ஆண்ட சொல் அது. மறையுரையாளர் பலர் அதனை இகழ்ச்சிச் சொல்லாக்கிவிட்டனர். 'நியாயப்பிரமாணம்' என்னும் சொல்லின் கதை இன்னும் ஆழமானது. தோரா என்னும் எபிரேயச் சொல் கற்பித்தல், வழிகாட்டல் என்னும் கருத்துடைய வேரிலிருந்து பிறந்தது. கிரேக்கத்தில் அது சட்டம் எனப் பெயர்க்கப்பட்டது. அவ்வழியே தமிழிலும் நியாயப்பிரமாணம் ஆயிற்று. 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் திருச்சட்டம் ஆயிற்று. 'போதனை' என்று பெயர்த்திருப்பின் எந்தத் தமிழனும் அதனை நுகத்தடி என எண்ணியிருக்கமாட்டான். தாய் பிள்ளைக்குச் சொல்லும் அறிவுரையை நீதிமன்றத்து ஆணையாகப் பெயர்த்துவிட்டு, 'ஐயோ, எத்தனை கொடுமையான தாய்!' என்று இரங்குவது போன்றது இந்நிலை.

ரபிமாரிடம் பாராட்டத்தக்க ஒரு வழக்கம் உண்டு. ஹில்லேல், ஷம்மாய் என்னும் இரு பேராசிரியர்தம் மாணாக்கர் நெடுங்காலம் வாதிட்டனர். ஹில்லேலின் மாணாக்கர் சாந்தமும் பணிவும் உடையவராய், எதிர்த்தரப்பின் கருத்தை முதலில் எடுத்துரைத்துப் பின்னரே தம் கருத்தைச் சொன்னமையால், அவர்கள் தீர்ப்பே நிலைபெற்றது என்கிறது தல்மூத். இக்கட்டுரையும் அம்முறையைப் பின்பற்றி, ரபிமாரை வாசிக்க வேண்டா என்போரின் தடைகளை முதலில் வைக்கிறது.

முதல் தடை காலத்தைப் பற்றியது. மிஷ்னாவை யூதா ஹ நாசி தொகுத்தது ஏறத்தாழ கி.பி. 200இல், பாபிலோனியத் தல்மூத் நிறைவுற்றது 6ஆம் நூற்றாண்டை ஒட்டி. இயேசுவுக்குப் பின் வந்த நூல்கள் அவர் சொல்லுக்கு எவ்வாறு சான்றாகும் என்பர். இரண்டாம் தடை பகையைப் பற்றியது. தல்மூதில் இயேசுவையும் அவர் அடியாரையும் இகழும் பகுதிகள் உள்ளன. பகைவன் உரையைக் கொண்டு ஆண்டவன் நூலைப் படிப்பதா என்பர். மூன்றாம் தடை கொள்கையைப் பற்றியது. அருள் வந்தபின் சட்டம் எதற்கு. நிழல் போய் நிசம் வந்தபின் நிழலை ஆராய்வது பின்னோக்கி நடப்பதன்றோ என்பர். மூன்றும் ஊன்றி எண்ணத்தக்க தடைகளே.

காலத் தடைக்குத் தமிழரிடமே விடை உண்டு. பரிமேலழகர் வாழ்ந்தது 13ஆம் நூற்றாண்டளவில். வள்ளுவர் வாழ்ந்தது அதற்குப் பல நூற்றாண்டுகட்கு முன். இடைவெளி அறிந்தும் தமிழர் அவ்வுரையை எறிந்துவிடவில்லை. எங்கே உரைகாரர் தம் காலக் கருத்தைப் புகுத்துகிறார், எங்கே பழமரபைக் காக்கிறார் எனப் பகுத்து வாசிக்கக் கற்றனர். ரபிமார் நூலையும் அவ்வாறே வாசிக்கலாம். அதில் உள்ள ஒவ்வொரு வரியும் முதல் நூற்றாண்டுக் கலிலேயாவின் படம் அன்று. ஆயினும் எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் அழிவதற்கு முன் வாழ்ந்த ஆசிரியர் பெயரால் வழங்கும் செய்திகளும், அவ்வாலயத்து வழிபாடு பற்றிய நினைவுகளும் அதில் ஏராளம். அவற்றை அறியாமல் நற்செய்தியின் பல இடங்கள் திறவாப் பூட்டுகளாகவே நிற்கும்.

ஒரு பூட்டைத் திறந்து பார்க்கலாம். கூடாரப் பண்டிகையின் கடைசிப் பெருநாளில் இயேசு எழுந்து நின்று, தாகமுள்ளோரைத் தம்மிடம் அழைத்து, உயிருள்ள தண்ணீரைப் பற்றி உரக்கக் கூறினார் என்கிறது யோவான் 7ஆம் அதிகாரம். தண்ணீரைப் பற்றி ஏன் அன்று கூறவேண்டும்? விவிலிய வாசகம் அதைச் சொல்வதில்லை. எழுதியவர்க்கும் முதலில் கேட்டவர்க்கும் சொல்லத் தேவையும் இல்லை. மிஷ்னாவின் சுக்கா என்னும் பகுதி சொல்கிறது: அப்பண்டிகை நாள்களில் சீலோவாம் குளத்திலிருந்து பொற்குடுவையில் நீர் மொண்டு, எக்காளம் முழங்க ஊர்வலமாகக் கொண்டுவந்து பலிபீடத்தில் ஊற்றினர். மழைக்காலத்தின் வாயிலில் வரும் பண்டிகை அது. இரவில் ஆலயத்தின் பெண்கள் முற்றத்தில் பெரும் பொன் விளக்குத் தண்டுகள் ஏற்றப்பட்டன. குருக்களின் பழைய ஆடைகளைக் கிழித்துத் திரியாக்கினர். அவ்வொளி படாத முற்றம் எருசலேமில் ஒன்றேனும் இல்லை எனப் போற்றினர். அடுத்த அதிகாரத்தில் இயேசு தம்மை உலகின் ஒளி என்று கூறும் இடத்தை இப்போது படித்துப் பார்க்கட்டும். நீரும் ஒளியும் ஏன் அடுத்தடுத்து வந்தன என்பது குழந்தைக்கும் விளங்கும். இவ்விளக்கத்தைத் தந்தது பகைவன் நூலா, பாதுகாவலன் நூலா?

முறையியலிலும் உறவு உண்டு. வேதப் பொருளைக் காணும் ஏழு விதிகளை ஹில்லேல் வகுத்தார் என்பர். பின்வந்த ரபி இஸ்மவேல் பதின்மூன்றாக விரித்தார் என்பர். தொல்காப்பியர் 32 உத்திகளை வகுத்த நாட்டில் பிறந்தோர்க்கு இது புதுமையன்று. ஹில்லேலின் முதல் விதி, எளியதற்குப் பொருந்துவது அரியதற்கு எவ்வளவு அதிகமாய்ப் பொருந்தும் என்பது. வைணவ உரையாசிரியர் இதனையே கைமுதிக நியாயம் என்பர். பொல்லாத தந்தையரே பிள்ளைகட்கு நல்லவற்றைக் கொடுக்க அறிவாராயின் பரமபிதா எவ்வளவு கொடுப்பார் என்றும், குழியில் விழுந்த ஆட்டை ஓய்வுநாளில் தூக்கிவிடலாமாயின் மனிதன் எவ்வளவு மேலானவன் என்றும் இயேசு வாதிட்டது அவ்விதியால். அவர் ரபிமாரோடு வாதிட்டார் என்பது உண்மை. ரபிமாரின் மொழியில், ரபிமாரின் விதிகொண்டு, ரபியாகவே வாதிட்டார் என்பதும் அதே அளவு உண்மை.

ஓய்வுநாள் மனிதனுக்காக உண்டானது என்ற கருத்து யூதத்தைத் தகர்த்த புரட்சி எனப் பல மேடைகளில் முழங்கப்படுகிறது. ஓய்வுநாள் மனிதர் கையில் கொடுக்கப்பட்டதேயன்றி மனிதர் ஓய்வுநாளின் கையில் கொடுக்கப்படவில்லை என்ற கருத்தை யாத்திராகமத்தின் பழைய ரபிமார் உரையே கூறுகிறது. உயிரைக் காக்க ஓய்வுநாளை மீறலாம், மீறவும் வேண்டும் என்பது அவர்கள் நாட்டிய சட்டம். சண்டை எங்கே இருந்தது? உயிருக்கு ஆபத்தில்லாத நோயை அந்நாளில் குணமாக்கலாமா என்னும் எல்லைக் கோட்டில் இருந்தது. ஒரே வீட்டுப் பிள்ளைகளின் வாதத்தை இரு நாடுகளின் போராகக் காட்டுவது வரலாற்றைத் திரிப்பதாகும்.

இனித் தோட்டத் தமிழரைத் தொடும் செய்திக்கு வருவோர்க்கு, 'சட்டம் செத்த எழுத்து' என்னும் பேச்சின் கொடுமை விளங்கும். ரெங்கம், லாயாங் லாயாங், லாபிஸ் என ஜொகூரின் உட்பகுதிகளில் ரப்பர் மரத்தடியில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர் தமிழர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பெயர் கூப்பிடப்பட்டு, நாட்கூலிக்கு உழைத்த மக்கள் அவர்கள். திராட்சைத் தோட்டத்து வேலையாட்களின் உவமையை அவர்களைப்போல் உணரக்கூடிய வாசகர் அரியர். விடியலில் வந்தவனுக்கும் அந்தியில் வந்தவனுக்கும் ஒரே கூலி. அவ்வொரு பணம் ஒரு நாள் குடும்பம் உண்ணும் சோறு. அக்கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது யாருடைய கட்டளை? உபாகமம் 24ஆம் அதிகாரத்தின் கட்டளை, மோசேயின் கட்டளை. ரபிமார் அதை ஏட்டில் உறங்கவிடவில்லை. பகலில் உழைத்தவனுக்கு இரவு முடிவதற்குள், இரவில் உழைத்தவனுக்குப் பகல் முடிவதற்குள் கூலி சேரவேண்டும் என்று மிஷ்னா வகுத்தது. ஊர் வழக்கத்தில் இல்லாதபோது வேலையாட்களை அதிகாலையில் வரவும் நேரம் கடந்து நிற்கவும் முதலாளி வற்புறுத்தலாகாது என்றது. உணவு கொடுப்பது ஊர் வழக்கமாயின் உணவு கொடுத்தே தீரவேண்டும் என்றது.

'கண்ணுக்குக் கண்' என்பதை யூதரின் கொடுமைக்குச் சான்றாகக் காட்டுவோர் மிஷ்னாவின் பாபா கம்மா எட்டாம் அதிகாரத்தைத் திறந்து பார்த்ததுண்டோ? ஒருவன் உறுப்பைச் சேதப்படுத்தியவன் ஐந்து வகையில் பொருள் ஈடு கொடுக்கவேண்டும்: உறுப்பின் இழப்புக்கு, நோவுக்கு, மருத்துவத்துக்கு, வேலை இழந்த நாளுக்கு, அடைந்த மானக்கேட்டுக்கு. மலேசியாவில் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1969இல். அதற்கு முந்திய தலைமுறையில் கைவிரல் இழந்த தொழிலாளியிடம் மருத்துவச் செலவையும் இழந்த நாட்கூலியையும் ஈடுசெய்யும் சட்டம் ஒன்று ரபிமாரிடம் இருந்தது என்று எடுத்துரைத்திருந்தால், சட்டம் நுகம் என்று அவன் கூறியிருப்பானா? மானக்கேட்டுக்கும் விலை வைத்த சட்டம் அது. துரையின் வசவையும் கங்காணியின் அடியையும் வாங்கியவனுக்கு அதன் அருமை புரியும். அருளையும் சட்டத்தையும் பகையாக்கி உபதேசிப்பவர், ஏழையின் கையிலிருந்த கேடயத்தைப் பிடுங்கிவிட்டு அவனுக்கு ஆறுதல் கூறுபவர் ஆவர்.

மூன்றாம் தடையாகிய கொள்கைத் தடைக்கு இதுவே விடை. நியாயப்பிரமாணத்தை அழிக்க வரவில்லை, நிறைவேற்றவே வந்தேன் என்ற கருத்தை மலைப்பிரசங்கத்தில் சொன்னவர் இயேசுவே. பிறனிடம் அன்பு கூர்க என்னும் கட்டளை லேவியராகமத்தில் உள்ளது. தனக்கு வெறுப்பானதைப் பிறனுக்குச் செய்யாமையே தோரா முழுவதும், மற்றதெல்லாம் அதன் உரை, போய்க் கற்றுக்கொள் என்ற கருத்தில் ஹில்லேல் ஒரு புறவினத்தானுக்கு விடையிறுத்ததாகத் தல்மூத் கூறுகிறது. இதனால் இயேசுவின் பெருமை குறையுமோ? மலையின் உயரத்தை அறியப் பள்ளத்தை வெட்டிக் காட்டவேண்டியதில்லை. பக்கத்தில் உள்ள மலைகளோடு ஒப்பிட்டுக் காட்டுவதே நேர்மை. பெருமை காட்டப் பிறரைச் சிறுமைப்படுத்தும் வழக்கம் சிறு தலைவர்க்குத் தேவைப்படலாம், இயேசுவுக்குத் தேவையில்லை.

பகைத் தடையையும் மறைக்கவேண்டியதில்லை. தல்மூதில் கிறிஸ்துவர் மனத்தைப் புண்படுத்தும் சில பகுதிகள் உண்டு. அக்கடல் போன்ற நூலில் அவை சில துளிகள். மறுதட்டில் எதை வைப்பது? 1242இல் பாரிசில் தல்மூத் ஏடுகளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து எரித்தவர் கிறிஸ்துவர். 1543இல் மார்ட்டின் லுத்தர் யூதருடைய ஜெப ஆலயங்களைக் கொளுத்தவும் அவர்கள் நூல்களைப் பறிக்கவும் வேண்டி எழுதினார். நான்கு நூற்றாண்டுகட்குப்பின் ஹிட்லரின் ஆட்சி ஏறத்தாழ 60 இலட்சம் யூதரைக் கொன்றபோது, அக்கொலையாளிகள் வளர்ந்த நாடுகளில் ஞாயிறுதோறும் கேட்ட பழிப்பு மண்ணைப் பண்படுத்தி வைத்திருந்தது. இதை உணர்ந்தே இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல், இயேசுவின் சாவுக்கு அன்று வாழ்ந்த யூதர் அனைவரையுமோ இன்று வாழும் யூதரையோ குற்றம் சாட்டலாகாது என்று அறிவித்தது. லுத்தரன் உலகப் பேரவை 1984இல் புடாபெஸ்டில் கூடியபோது, லுத்தரின் அந்த எழுத்துகளை மறுத்துரைத்த அறிக்கையை ஏற்றது. ரோமாபுரியும் புடாபெஸ்டும் நாவை அடக்கிக்கொண்ட பின்னும் தமிழ் மேடையில் பழைய பாடத்தையே ஒப்பிப்பது விசுவாசம் ஆகாது. அஃது அறியாமையின் பழக்கம்.

பரிசேயரே வெளிவேடத்தைக் கடிந்தனர் என்பதையாவது அறியவேண்டும். ஏழு வகைப் பரிசேயரை எண்ணி, தன் நற்செயலைத் தோளில் சுமந்து ஊருக்குக் காட்டுபவனையும், பெண்ணைப் பாராமல் நடப்பதாகக் காட்டிச் சுவரில் மோதிக்கொள்பவனையும் நகையாடி, அன்பினால் செய்பவன் ஒருவனே விரும்பத்தக்கவன் என்று முடிப்பது ரபிமார் நூலே. தன் குடும்பத்துக் குறையைத் தானே சொல்லும் நேர்மையை, அக்குடும்பத்தைத் தூற்றுவதற்குச் சான்றாக்கலாமா? இயேசுவை ஏரோது கொல்லத் தேடுகிறான் என்று எச்சரித்தவர் பரிசேயர் என்கிறார் லூக்கா. அப்போஸ்தலரை விட்டுவிடுமாறு ஆலோசனைச் சங்கத்தில் வாதாடிய கமாலியேல் பரிசேயர். அவர் பாதத்தில் கற்றதாகக் கூறும் பவுல், தாம் பரிசேயன் என்று அறிக்கையிட்டவர். கி.பி. 62இல் இயேசுவின் சகோதரர் யாக்கோபைச் சதுசேயத் தலைமைக் குரு கொல்வித்தபோது, சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்டவர்களே அநீதி என்று எதிர்த்தனர் என யோசேப்பஸ் எழுதுகிறார். இவர்களைப் பரிசேயர் எனவே அறிஞர் பலரும் கொள்வர். இத்தனை சான்றும் கையிலிருக்க, ஒரு சொல்லை வசையாக்கி வைத்திருப்பது எந்த நீதி?

பழிப்போரை மட்டும் கண்டித்து நிற்பது அரைக் கிணறு தாண்டுவதாகும். எதிர்ப்புறத்தில் மற்றொரு கூட்டம் வளர்கிறது. ஆட்டுக்கடாக் கொம்பை ஊதுவதும், யூதர் தொழுகைப் போர்வையைத் தோளில் இடுவதும், இயேசு என்னும் தமிழ்ப் பெயரை விட்டு எபிரேய ஒலிப்பையே உயர்வெனக் கொள்வதும் அவர்கள் வழக்கம். மிஷ்னாவில் ஒரு பக்கமும் படியாமல் கொம்பு மட்டும் ஊதுவோர் யூத மரபை மதிப்பவர் ஆகார். அடுத்த வீட்டுத் திருமணத்தில் மாப்பிள்ளையின் மாலையைத் தன் கழுத்தில் போட்டுக்கொள்பவனை யாரும் உறவினன் என்று கொண்டாடுவதில்லை. யூதர்க்கு அவை உடன்படிக்கையின் சின்னங்கள். இவர்க்கோ அவை மேடைக் கவர்ச்சிகள். பழிப்பவன் யூதனைப் பேயாக்குகிறான். கொம்பூதுபவன் அவனைப் பொம்மையாக்குகிறான். இருவருமே அவன் சொல்வதைச் செவிமடுப்பதில்லை.

இக்கூட்டத்தாருள் சிலர் ஓர் அரசையும் வேதத்தையும் ஒன்றாக்குவர். மலேசியாவில் இது மிகுந்த எச்சரிக்கை வேண்டும் செய்தி. இஸ்ரேல் அரசோடு மலேசியாவுக்குத் தூதரக உறவு இல்லை. பாலஸ்தீன மக்களின் துயர் இந்நாட்டு மக்கள் நெஞ்சில் ஆழப் பதிந்தது. ரபிமார் நூலைக் கற்பது எந்த அரசின் படைக்கும் வாழ்த்துக் கூறுவதாகாது. அந்நூலைக் கற்றவன் துன்புறும் பாலஸ்தீனக் குழந்தையின் பக்கம் நிற்கத் தடையும் இல்லை; ஓர் உயிரைக் காப்பவன் உலகையே காப்பவன் என்னும் கருத்தை மிஷ்னாவே சன்ஹெத்ரின் பகுதியில் கற்பிக்கிறது. இஸ்ரவேல் மக்களுக்கு விதிக்கப்பட்டதாக அக்கருத்தைத் திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயமும் எடுத்துரைக்கிறது. ஒரு ரபியின் சொல் முஸ்லிம் அயலாரோடு பேசும் பாலமாகவும் ஆகக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

தமிழரும் யூதரும் அறியாதவர் அல்லர். சாலமோன் அரசன் கப்பல்கள் கொணர்ந்த மயில்களுக்கு எபிரேய மொழியில் வழங்கும் சொல் தோகை என்னும் தமிழ்ச்சொல்லே எனக் கால்டுவெல் முதலியோர் கருதினர். இச்செய்தியைச் சொல்லிப் பெருமைப்படாத தமிழ் மேடை குறைவு. மயிலோடு நின்றுவிட்டால் போதுமா? கொல்லத்தில் கி.பி. 849இல் தரிசாப்பள்ளி என்னும் கிறிஸ்துவ ஆலயத்துக்கு வழங்கிய செப்பேட்டில், அரபு எழுத்திலும் பகலவி எழுத்திலும் சான்றொப்பமிட்டோரோடு எபிரேய எழுத்தில் ஒப்பமிட்டோரும் உளர். கிறிஸ்துவர் பெற்ற கொடைக்கு யூதர் சாட்சி நின்ற மண் அது. 1924இல் திறக்கப்பட்ட பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் 1878ஆம் ஆண்டு முதல் ஒரு ஜெப ஆலயம் நிற்கிறது. 1955இல் அத்தீவின் முதல் முதலமைச்சரான டேவிட் மார்ஷல் யூதர். பினாங்கில் யூதர் கல்லறைத் தோட்டம் உண்டு; அதன் அருகே சென்ற யூதர் சாலைக்கு இன்று வேறு பெயர்.

ஆயினும் ஜொகூரின் தமிழ்ச் சபைகளைச் சூழ யூத அயலார் இல்லை. இங்கேதான் அறத்தின் உரைகல் இருக்கிறது. ஜொகூர் பாருவில் ராஜமாரியம்மன் கோயிலும் சீனரின் பழங்கோயிலும் கிறிஸ்துவ ஆலயமும் பள்ளிவாசலும் அருகருகே நிற்கின்றன. அங்கே அயலாரின் சமயத்தை ஒலிபெருக்கியில் இகழ யாரும் துணியார். இகழ்ந்தால் மறுமொழி உடனே வரும். யூதனை இகழ்ந்தால் மறுமொழி வராது. மறுமொழி கூற அவன் இங்கு இல்லை. வாயில்லாதவனை வைவது வீரமன்று. அயலான் எதிரே இல்லாதபோதும் அவனைப் பற்றி உண்மையே பேசுதல் என்பதுதான் பொய்ச்சாட்சி கூறாதே என்னும் கட்டளையின் பொருள்.

மலேசியத் தமிழர் இதை மற்றவரைவிட நன்கு உணரவேண்டியவர். அவர்கள் இல்லாத இடங்களில் அவர்களைப் பற்றிப் பிறர் கூறிய சொற்கள் எத்தனை! தோட்டத்தான் என்றும், குடிகாரன் என்றும், முன்னேறத் தெரியாதவன் என்றும் ஓர் இனத்தையே ஒரு சொல்லில் அடைத்தவர்களை அவர்கள் அறிவர். அச்சொல் பள்ளியிலும் வேலையிலும் தம் பிள்ளைகளைத் தொடர்ந்து வந்த கசப்பையும் அறிவர். பட்டவன் மற்றொரு மக்களை ஒரு சொல்லில் அடைக்கலாமா? தன் முதுகில் தழும்புள்ளவன் பிரம்பைக் கையில் எடுக்கலாமா?

செய்யவேண்டுவன அரியன அல்ல. மறையுரையாளர் பரிசேயர் என்னும் சொல்லை வசையாக ஆள்வதை இன்றே விடலாம். ஞாயிற்றுப் பள்ளியில் கூடாரப் பண்டிகையையும் பஸ்காவையும் மிஷ்னாவின் துணையோடு கற்பிக்கலாம். ஆங்கிலத் திருச்சபைக் குருவாகிய ஹெர்பர்ட் டான்பி 1933இல் மிஷ்னா முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்தளித்தார்; கிறிஸ்துவர் ஒருவர் எருசலேமில் இருந்து செய்த பணி அது. செரம்பானிலும் மதுரையிலும் சென்னையிலும் இறையியல் பயிலும் தமிழ் மாணவர்க்கு மிஷ்னாவின் ஒரு பகுதியையேனும் பாடமாக்கலாம். ரபிமாரின் முதுமொழித் திரட்டாகிய 'பிர்க்கே அவோத்' ஐந்தாறு அதிகாரமே உடைய சிறு நூல். நீதிநூல்களில் தோய்ந்த தமிழ்க் காதுக்கு அது வேற்றுக்குரலாக ஒலிக்காது. அதற்கொரு நல்ல தமிழ் உரை எழுதுவது எழுத்தாளர் பணி. வீரமாமுனிவர் 1726இல் தேம்பாவணியைப் பாடி யூதேயாவுக்குத் தமிழ்நாட்டின் ஆறும் வயலும் தந்தார். அது தமிழுக்கு வாய்த்த பேறு. இனி வருவோர் அந்நாட்டுக்கு அதன் சொந்த ஆற்றையும் வயலையும் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

கிறிஸ்துவர் யூதராக மாறவேண்டும் என்பது இவ்வாதத்தின் முடிவன்று. ஈட்டைப் படித்த சைவன் வைணவனாகிவிடுவதில்லை; அவன் தமிழை முன்னிலும் நன்றாக அறிந்தவனாகிறான். ரபிமாரோடு உட்கார்ந்து வாசிக்கும் கிறிஸ்துவன் தன் நம்பிக்கையை இழப்பதில்லை. அந்நம்பிக்கை எந்த வீட்டில் பிறந்தது என்பதை அறிகிறான். மாறுபடும் இடத்தில் மாறுபடட்டும். 'என்பாரும் உளர்' என்று எழுதிவிட்டு மாறுபடட்டும். தமிழன் தன் முன்னோரிடம் கற்ற புலமையொழுக்கம் அது. அதனை ஆலய வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்லவேண்டும் என்று எந்த வேதமும் கூறவில்லை.